சீனியும் புற்றும்

நம் ஆட்கள் சீனியை ஊரறியச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் பாயசம் ஊற்ற வருகிற பையனிடம் "எனக்கு சீனி இருக்குப்பா" என்று சத்தமாகவே சொல்லலாம். பக்கத்து இலைக்காரர் உடனே, "எனக்கும்தான், காலையில எவ்வளவு காட்டுது?" என்று கேட்பார். சாப்பிட்டு முடிப்பதற்குள் பாகற்காய், வெந்தயம், யாரோ ஒரு நாட்டு மருந்துக்காரர் என்று பேச்சு போய்விடும். அதே பந்தியில் "எனக்கு கேன்சர்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு "அந்த நோவு", "பெரிய வியாதி" என்றுதான் பெயர், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

எனக்கு இரண்டும் இருக்கிறது. சீனி 11 ஆண்டுகளாக, பெருங்குடலில் புற்று போன ஆண்டிலிருந்து. கீமோ நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இன்சுலின் கண்டுபிடிப்புக்கு மைக்கேல் பிளிஸ் 1982இல் எழுதிய நூல் இருக்கிறது. புற்றுநோய்க்கு சித்தார்த்த முகர்ஜி 2010இல் எழுதிய பெரிய நூல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து குடியிருக்கும் உடம்புக்கு ஒரு வரலாறு தேடினால் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அந்தத் துண்டுகளைத்தான் இங்கே அடுக்குகிறேன்.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். பழைய வைத்திய நூல்களில் இது மதுமேகம்: தேன் போன்ற சிறுநீர். எறும்பு மொய்ப்பதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மலாய்க்காரர்கள் கென்சிங் மானிஸ் என்கிறார்கள், நாம் இனிப்புநீர் என்கிறோம். எல்லாமே நாக்கும் எறும்பும் சொன்ன சாட்சி. லண்டனில் தாமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டில் அந்த இனிப்பை ருசித்தே எழுதிவைத்தார். 1776இல் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்து, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். இரத்தமும் இனிக்கிறது என்று அவர் சொன்னதுதான் முக்கியம், கோளாறு சிறுநீரகத்தோடு நிற்கவில்லை என்பதற்கு அது முதல் தடயம். புற்றுக்கு இப்படி ருசி கிடையாது. கிரேக்கர்களுக்கு அது நண்டு, நமக்குக் கரையான் எழுப்புகிற மண்மேடு. இரண்டு பெயருமே வெளியில் தெரிகிற உருவத்தைச் சொல்கின்றன, அதுவரை உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

இன்சுலினுக்கு முந்திய காலத்தில் இரண்டு நோயும் ஒரே ஆளிடம் சந்திப்பது அவ்வளவு சுலபமில்லை. சிறு வயதில் சீனி வந்த பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் அவர்களைப் பட்டினி போட்டுச் சில மாதங்களை, சில ஆண்டுகளை வாங்கிக் கொடுத்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தால் சோறு இறங்காது. 1922 ஜனவரி 11ஆம் தேதி டொரோண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாற்றை 23ஆம் தேதி மறுபடி போட்டபோதுதான் சர்க்கரை இறங்கியது. பையன் இன்னும் 13 ஆண்டு வாழ்ந்தான். நடுவயதில் சீனி வருகிற, நம் வீடுகளில் இருக்கிற வகைக்காரர்கள் அதற்கு முன்பும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள். கால் அழுகியோ காசநோயிலோ போனார்கள். ஊசியும் மாத்திரையும் ஆயுளைக் கூட்டிய பிறகுதான் சீனிக்காரர்கள் வயதாகி, வயதோடு வருகிற நோய்களையும் சந்திக்கத் தொடங்கினார்கள். பாஸ்டனின் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லின், தன் வாழ்நாளின் கடைசியில், 1959இல், நீரிழிவும் புற்றும் என்றே தலைப்பு வைத்துச் சக ஆய்வாளர்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஆனால் நம் சமையலறைகளில் இன்றைக்கு ஆட்சி செய்வது ஜாஸ்லின் இல்லை, ஓட்டோ வார்பர்க். பெயர் யாருக்கும் தெரியாது. "சீனிதான் கேன்சருக்குத் தீனி" என்று உங்கள் குடும்பப் புலனக் குழுவில் வரும் செய்தியைக் கிளறினால் அடியில் இவர்தான் இருப்பார். 1920களில் பெர்லினில், புற்றுத் திசு சாதாரணத் திசுவைவிட மிக அதிகமாகக் குளுக்கோஸைத் தின்று, பிராணவாயு இருக்கும்போதே அதை லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுகிறது என்று கண்டவர். உயிரணுவின் சுவாசம் பற்றிய வேறு வேலைக்காக 1931இல் நோபல் பரிசு வாங்கினார். யூத வழி வந்தவர், நாஜி ஆட்சியிலும் ஜெர்மனியை விட்டு நகரவில்லை. கவனித்தது சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, அதாவது சுவாசம் கெட்டுப்போவதுதான் புற்றின் மூலகாரணம் என்பது, மரபணுக்கள் பற்றிய பிற்கால ஆய்வுகளில் அந்த வடிவில் நிற்கவில்லை. கடைசிவரை அவர் அதை விடவும் இல்லை.

இரண்டாவது சுற்று கீமோ முடிந்த மறுநாள் எனக்கு ஒரே வாந்தி. இன்சுலின் போட்டாயிற்று, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, குத்திப் பார்த்தால் 3.1. அக்கா கையில் தண்ணீர் குவளை, மேசையில் சீனி டப்பா. கரண்டியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "தம்பி, இதப் போட்டா அதுக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடாதா?" என்றாள். எனக்கு வாய் குழறியது. அத்தான் எங்கிருந்தோ ஓடிவந்து மூன்று கரண்டி கலக்கி வாயில் ஊற்றினார். நான் அக்காவைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே பயம். என்னைக் காப்பாற்றத்தான் தயங்கினாள். ஆனால் பெர்லினில் கிளம்பிய பாதி உண்மை ஒன்று நூறு ஆண்டு பயணம் செய்து எங்கள் வீட்டு மேசைக்கு வந்து, ஒரு சீனிக்காரனின் உயிரோடு விளையாடியது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நாம் ஒரு பருக்கை சாப்பிடாவிட்டாலும் ஈரல் குளுக்கோஸ் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். புற்றணு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பட்டினி போட்டால் முதலில் மயங்குவது மூளைதான். தினமும் தேநீரில் சீனியைக் குறைப்பது நல்லது, அதை நான் 11 ஆண்டுகளாகச் செய்கிறேன், கடையில் "தே ஓ கோசோங்" என்று சொல்லிச் சொல்லி என் பெயரே அதுவாகிவிட்டது. சர்க்கரை இறங்கி விழுகிறவனுக்குக் கொடுக்கிற சீனி உணவுக் கணக்கில் வராது. அந்த நேரத்துக்கு அது மருந்து.

வார்பர்க் கண்டதை உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் படம் பிடிக்கிறவர்கள். கதிரியக்க ஃபுளூரின் ஒட்டிய குளுக்கோஸை உடம்பில் செலுத்தினால், அதை அதிகம் தின்னும் இடம் படத்தில் ஒளிரும். 1976இல் பிலடெல்பியாவில் முதல் முறையாக மனிதருக்குச் செலுத்தினார்கள். இன்றைய பெட் ஸ்கேன் அதுதான். சீனிக்காரர்களுக்கு இதில் தனிப் பாடு. இரத்தச் சர்க்கரை சுமார் 11க்கு மேல் இருந்தால் ஸ்கேன் தள்ளிப்போகலாம், ஏனென்றால் உள்ளே ஏற்கனவே இருக்கிற சர்க்கரை அந்த மருந்தோடு போட்டிபோடும். இறக்கலாம் என்று பக்கத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டால் எல்லாம் தசைக்குப் போய்விடும். மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறவர்களுக்குக் குடலே ஒளிரும். பெருங்குடலில் புற்று இருக்கிறவனுக்கு இது எப்படிப்பட்ட வேடிக்கை என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்.

மெட்ஃபோர்மின் கதையில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1922இல், இன்சுலின் வந்த அதே ஆண்டில், டப்ளினில் இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்துவிட்டு மறந்துபோன பொருள் அது. 1949 வாக்கில் பிலிப்பீன்ஸ் மருத்துவர் யூசெபியோ கார்சியா அதைக் காய்ச்சல்காரர்களுக்கு, இன்ஃபுளுவென்சாவுக்குக் கொடுத்தார். அப்போது சர்க்கரை இறங்குவதையும் குறித்துவைத்தார். பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் 1957இல் அதை நீரிழிவு மருந்தாக நிறுவி, "சர்க்கரை தின்னி" என்கிற பொருளில் குளுகோஃபாஜ் என்று பெயர் வைத்தார். கார்சியாவின் பெயர் பாடப்புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட அரிதாகத்தான் வருகிறது. 2005இல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள், இந்த மாத்திரை சாப்பிடும் சீனிக்காரர்களிடம் புற்று குறைவாகத் தெரிகிறது என்று ஒரு சிறு கட்டுரை எழுத, உலகமே பரபரத்தது. பிறகு மார்பகப் புற்று வந்த, நீரிழிவு இல்லாத 3,649 பேரிடம் 5 ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. இன்னும் சிலர் என்னிடம் "நீங்க குடுத்துவச்சவர், ஏற்கனவே கேன்சர் மருந்து சாப்பிடுறீங்க" என்கிறார்கள். சிரித்து வைக்கிறேன்.

எதிர்ப்பக்கப் பீதியும் வந்தது. நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் புற்றைத் தூண்டுகிறதோ என்று 2009இல் கிளம்பியது. 12,537 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு 2012இல் அப்படி எதுவும் இல்லை என்றது. பயத்தில் இடையில் ஊசியை விட்டவர்களை யார் எண்ணினார்கள்?

உறுதியானது இவ்வளவு. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, நீரிழிவுக்காரர்களுக்கு ஈரல், கணையம், கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் அதைவிடக் குறைவான கூடுதல். 2008இல் வந்த தொகுப்பாய்வு, புற்று வரும்போதே நீரிழிவும் இருந்தவர்களின் இறப்பு அபாயம் மற்ற புற்றுநோயாளிகளைவிட 41 விழுக்காடு அதிகம் என்றது. அந்த எண்ணை நான் ராத்திரி 2 மணிக்குப் படித்தேன். அந்த நேரத்தில் இதையெல்லாம் படிக்காதீர்கள். காலையில் மறுபடி படித்தபோதுதான், அது பல ஆயிரம் பேரின் சராசரி, என் ஆரூடம் இல்லை என்பது மண்டையில் ஏறியது.

இப்போது நம் கதை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டவுடன் "நம்ம ரத்தம் அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

ரப்பருக்கு முன்பு தமிழர்களை இங்கே கொண்டுவந்ததே கரும்புதான். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் சீனித் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் நம் ஆட்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் செத்துக்கொண்டிருந்த காலமும் அதில் அடங்கும். ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கரும்பும் மெல்லப் பால்மரத்துக்கு இடம் விட்டது. கரும்பு வெட்டியதால் சீனி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அது கவிதைக்குச் சரிப்படும். வயிற்றுப் பிள்ளை பட்டினியில் வளர்ந்தால் அதன் உடம்பு சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது, பின்னால் சோறு தாராளமாகும்போது அந்த உடம்பு தடுமாறுகிறது என்று ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் ஒரு கருதுகோள் வைத்தார்கள். விவாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் பஞ்சத்திலிருந்து லயத்துக்கு, லயத்திலிருந்து தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்கு, பால்வெட்டிலிருந்து 12 மணி நேரம் உட்கார்ந்தே பார்க்கும் செக்யூரிட்டி வேலைக்கு என்று நம் குடும்பங்கள் வந்த வழியை யோசித்தால், ரத்தத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலனிய காலத்து அறிக்கைகளில் தோட்டத்து ஆட்களின் நோய்கள் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு. வேலையை நிறுத்துகிற நோய்தான் கணக்கில் ஏறியது. வெற்றிலை பாக்கு மென்ற பாட்டிமார்களின் வாயில் ஆறாமல் கிடந்த புண்ணை டிரெஸர் என்னவென்று எழுதினார்? சீனி இருந்த தாத்தா மஞ்சள் பூத்துச் செத்தால் அது காமாலைதான், கணையமா என்று பார்க்க ஆளில்லை. இரண்டு நோயும் அங்கே சந்தித்திருக்கும், ஏட்டில் பெயர் இல்லை.

இன்றைக்குப் பெயர் இருக்கிறது, ஏடுதான் இரண்டாக இருக்கிறது. சீனிக்குக் கிளினிக்கில் கொடுத்த பச்சைப் புத்தகம் ஒன்று, புற்றுக்கு ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்று. கீமோவுக்கு முன் வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது சர்க்கரையைத் தூக்கும். காலையில் 8 காட்டும், சாயங்காலம் 19. காலையில் மட்டும் குத்திப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கிளினிக்கில் புத்தகத்தைப் பார்த்த மிஸ்ஸி, "என்ன சாப்பிட்டீங்க?" என்று முறைத்தார். அதன் பிறகு கீமோ நாட்களைச் சிவப்புப் பேனாவில் குறித்து, பக்கத்தில் ஸ்டீராய்டு என்று எழுதிவைக்கிறேன். அந்த மூன்று நாளுக்கு இன்சுலின் அளவை எப்படிக் கூட்டுவது, வாந்தி வந்தால் எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டு அதே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். அக்காவும் அதைப் படித்துவைத்திருக்கிறாள்.

கால் விஷயம்தான் இன்னும் முடியவில்லை. எனக்குப் போடுகிற ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பைத் தாக்கும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் மின்சாரம் அடிக்கும். சீனியும் நரம்பைத் தாக்கும். பாதம் மரத்துப்போனதைச் சொன்னால் புற்று டாக்டர் "சீனியாக இருக்கலாம்" என்கிறார், சீனி டாக்டர் "கீமோவாக இருக்கலாம்" என்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். இப்போதைக்கு மருந்தின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ராத்திரி படுக்குமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், புண் எதுவும் இருக்கிறதா என்று.