பாதிரியாரின் கார்க் ஸ்க்ரூ

கல்லூரி மலரில் பாட்டில் திறக்கும் கருவியைப் பற்றியா எழுதுவது என்று சிரிக்காதீங்க. இதுவும் ஒரு கல்லூரிக்காரரின் கதைதான்.

சாமுவேல் ஹென்ஷால் இங்கிலாந்துப் பாதிரியார். ஆக்ஸ்போர்டில் உள்ள பிரேஸ்நோஸ் கல்லூரியின் ஃபெலோ. ஆங்கிலோ-சாக்ஸன் மொழி பற்றி 1798-இல் நூல் வெளியிட்ட அறிஞர். ஆனால் இன்று அவர் பெயர் நிற்பது ஒரு கார்க் ஸ்க்ரூவால்!

அதற்கு முன்பும் கார்க் ஸ்க்ரூ உண்டு. திருகத் திருக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; கார்க் அசையாது. பலமாக இழுத்தால் பிய்ந்துவிடும். ஹென்ஷால் திருகின் மேல்முனையில் சின்ன வட்டத் தகடு ஒன்றை வைத்தார். அவ்வளவுதான். தகடு கார்க்கில் முட்டியதும் திருகு மேற்கொண்டு இறங்காது. விடாமல் திருகினால் கார்க்கே சுழலும். பாட்டில் கழுத்தோடு இருந்த பிடிப்பு விட்டுப்போகும். 1795-இல் காப்புரிமை கிடைத்தது. கார்க் ஸ்க்ரூவுக்கு இங்கிலாந்து தந்த முதல் காப்புரிமை அதுவே. தயாரித்தவர் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன்.

அந்தத் தகட்டில் பொறித்த லத்தீன் வாசகம் 'ஒப்ஸ்தாந்தோ ப்ரொமோவெஸ்'. தடுப்பதாலேயே முன்னேற்றுகிறாய் என்று பொருள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பேப்பரில் முட்டி நின்றவன் நான். 'போச்சுடா' என்று வீட்டுக்குப் பெட்டி கட்டினேன். மறுமுறை எழுதப் படித்தபோதுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது. பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டதும் அதே பாடம்தான். இன்று அரியர்ஸோடு நிற்கும் தம்பி தங்கைகளே, திருகுவதை மட்டும் நிறுத்திடாதீங்க!