ட்ரவுட்: மலையக ஓடைகளில் விடப்பட்ட வேட்டை மீன்

நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ளது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. இந்தக் குளிர்ந்த ஓடைகளில் பெரிய வேட்டை மீன்கள் இயற்கையாக இருந்ததில்லை. இன்று அங்கு வாழும் ட்ரவுட், மனிதர் கொண்டுவந்து விட்டது.

1880களில் பிரித்தானியர் முதலில் பழுப்பு ட்ரவுட்டைக் கொண்டுவந்தனர். அது சரியாகப் பெருகவில்லை. பின்னர் வட அமெரிக்காவின் பசுபிக் கரையோர ஆறுகளில் வாழும் வானவில் ட்ரவுட் விடப்பட்டது. அது நிலைத்துவிட்டது. நோக்கம் யாருடைய பசியையும் தீர்ப்பதல்ல, தூண்டில் விளையாட்டு. அதற்கென 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் உருவானது. தோட்டத் தொழிலாளர் லயன் அறைகளில் நெருக்குண்டு வாழ்ந்த நாட்களில், துரைமாரின் பொழுதுபோக்குக்காக மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் இயங்கின.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த ஓடுநீர் வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து நின்று, அடித்துவரும் இரையைக் கண்ணால் கண்டு பாய்ந்து பிடிக்கும். பூச்சிப் புழுக்கள், இறால்கள், தலைப்பிரட்டைகள் எல்லாம் அதற்கு உணவு. சரளைக் கற்களுக்கிடையே குழி பறித்து முட்டையிடும். இரை உயிர்கள் தம் எதிரியைத் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்டே ஒளியவும் தப்பவும் பழகுகின்றன. அந்தப் பழக்கத்துக்கு இந்த ஓடை உயிர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அவற்றில் ஒன்று கரிடினா சிங்களென்சிஸ் என்னும் சிறு நன்னீர் இறால். உலகில் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்நீரில் மட்டுமே அது வாழ்கிறது. கீழே இறங்கினால் நீர் சூடாகிவிடும். மேலே போக மலை இல்லை.

5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கக் கூடாதென 1873இல் உத்தரவிட்டதும் அதே பிரித்தானிய நிர்வாகம்தான். மரங்களைக் காத்தவர்கள் நீருக்குள் பார்க்கவில்லை. 1988இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ட்ரவுட் அதற்கெல்லாம் முன்பே குடியேறியிருந்தது. இன்று அது உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் உள்ளது.

மாற்ற முடியாதா? கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலை ஏரிகளில் வலையிட்டு ட்ரவுட்டை அகற்றியபின், அருகிவந்த தவளைகள் மீண்டும் பெருகின. ஓடும் நீரில் இது இன்னும் கடினம். ஆனாலும் ஓடைகளைப் பகுதி பகுதியாக மீட்கலாம். அதற்கு முதலில், தேயிலை மலைகளுக்கு நீர் தரும் இந்த ஓடைகளில் என்னென்ன உயிர்கள் எஞ்சியுள்ளன என்று எண்ணிப் பதிய வேண்டும்.