மூக்குக் கண்ணாடியும் ஓவியக் கலையும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், கணக்கில் வல்ல மாணவன் ஒருவன் இருந்தான். ஆனால் கரும்பலகையிலுள்ள மூன்றை எட்டு என்று எழுதிக்கொள்வான். பிறகு அந்த எட்டுக்கு உரிய விடையைப் பிழையின்றிக் கண்டுபிடித்துவிடுவான்! விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. பெற்றோர் வாங்கிக் கொடுத்த மூக்குக் கண்ணாடி அவனுடைய பையிலேயே உறங்கிக் கிடந்தது. அணிந்தால் தோழர்கள் 'சோடாபுட்டி' என்று நகைப்பார்களாம். அன்று அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இன்று சற்று விரித்து உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

மூக்குக் கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் வடபகுதியில் தோன்றியது. அதை அணிந்த மனிதரைக் காட்டும் ஓவியங்களுள் மிகப் பழமையானது, அந்நாட்டின் ட்ரெவீஸோ நகரத்து மடம் ஒன்றின் சுவரில் உள்ளது. தொம்மாஸோ தா மோதெனா என்ற ஓவியர் 1352-இல் அதைத் தீட்டினார். ஹியூ என்னும் சமயப் பேரறிஞர் மூக்கின்மேல் கண்ணாடி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அறிஞர் 1263-இலேயே காலமானவர். அதாவது, கண்ணாடி தோன்றுவதற்கு முன்பே மறைந்தவர்! தாம் கண்டிராத பொருளை அவர் எங்ஙனம் அணிந்திருக்க இயலும்? ஓவியர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கண்ணாடி என்றாலே கல்வி என்று அக்காலத்தவர் கருதியதால், பெரும் புலவருக்கு அதை மரியாதையாகச் சூட்டிவிட்டார். இன்று நாம் நாணி மறைக்கும் பொருள் அன்று அறிவின் அணிகலனாக விளங்கியது.

18-ஆம் நூற்றாண்டில், பொய்யின்றிக் காண்பதே ஓவியனின் கடமை என்று கருதிய ஷார்தான் என்பவர் பிரான்ஸில் வாழ்ந்தார். தண்ணீர்க் குவளையையும் செப்புப் பாத்திரத்தையும் உள்ளது உள்ளபடி தீட்டிப் புகழ் பெற்றவர் அவர். முதுமையில் கண் நலிந்தது. எண்ணெய் வண்ணத்தை விட்டு, வண்ணச் சுண்ணக் கோல்களைக் கையில் எடுத்தார். 1771-இல் தம் உருவத்தையே வரைந்தபோது, மூக்கின்மேல் இருந்த கண்ணாடியையும் சேர்த்தே வரைந்தார். 'என் கண் தளர்ந்தது. என் நோக்கம் தளரவில்லை' என்று அவ்வோவியம் சொல்வதுபோல் எனக்குத் தோன்றும். பாரிஸின் லூவர் காட்சிசாலையில் அது உள்ளது.

ஆயினும், நாகரிக உலகில் நாணம் குடிபுகுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வ மாதர், கைப்பிடியுள்ள கண்ணாடியைத் தேவைப்பட்ட நொடியில் மட்டும் கண்ணெதிரே பிடித்து, பின் மடக்கி மறைத்தனர். இந்த நாணத்தை எதிர்த்து நின்றவை, 20-ஆம் நூற்றாண்டின் கலை இயக்கங்கள் எனலாம். அவற்றுள் இரண்டு வழிகளைக் காண்போம்.

முதலாவது எளிமையின் வழி. 1918-இல் ஓஸான்பான் என்பவரும், பின்னாளில் லெ கார்புஸியே என்று பெயர் பெற்றவரும் சேர்ந்து 'பியூரிஸம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். வீண் அலங்காரத்தை நீக்கி, வட்டம், கோடு, உருளை ஆகிய தெளிந்த வடிவங்களை நாடுவதே அதன் கொள்கை. நம் நாட்டுச் சண்டிகர் நகரை வகுத்த அதே லெ கார்புஸியே, தடித்த கரிய விளிம்புள்ள வட்டக் கண்ணாடி அணிந்தவர். பூவேலையும் பொன்முலாமும் இல்லாத இரு வட்டங்கள்! அவருடைய கொள்கையே முகத்தில் அமர்ந்ததுபோல் இருந்தது. பிற்காலக் கட்டடக் கலைஞர் பலர் அதனைப் பின்பற்றினர்.

இரண்டாவது கற்பனையின் வழி. அமெரிக்கப் பெண்மணி அல்டினா ஷினாஸி நியூயார்க்கில் கடைகளின் காட்சிச் சாளரங்களை அலங்கரிக்கும் பணியில் இருந்தார். ஸர்ரியலிஸ ஓவியர் ஸால்வடோர் டாலியுடன் அப்பணியில் பழகும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. 1930-களில் ஒரு நாள் கண்ணாடிக் கடைச் சாளரம் ஒன்றைக் கண்டார்; எல்லாம் களையற்ற விளிம்புகள். பெண்கள் இவற்றை அணியத் தயங்குவதில் வியப்பில்லை என்று எண்ணினார். வெனிஸ் திருவிழாவின் முகமூடிகள் அவர் நினைவுக்கு வந்தன. வெளிமுனைகள் மேல்நோக்கி எழும் வடிவத்தைக் காகிதத்தில் வெட்டி மாதிரி செய்தார். உற்பத்தியாளர் பலர் மறுத்தனர். ஒரு கடைக்காரர் மட்டும் துணிந்து ஏற்றார். இத்தாலிய நாடகக் கோமாளியின் பெயரால் 'ஹார்லிக்வின்' என வழங்கிய அவ்வடிவத்திற்கு 1939-இல் அமெரிக்க வடிவமைப்புப் பரிசு ஒன்று கிடைத்தது. 'பூனைக்கண்' என்று பின்னர் உலகெங்கும் பரவிய விளிம்புக்கு இதுவே முன்னோடி.

இவ்விரு வழிகளும் வேறுபட்டவை. எனினும் ஒன்றில் ஒத்தவை. கண்ணாடியை மறைக்க வேண்டும் என்று இரண்டும் சொல்லவில்லை. ஒன்று, 'இருப்பதை நேராகக் காட்டு' என்றது. மற்றொன்று, 'இருப்பதை விழாவாக்கு' என்றது.

ஆகவே, கண்ணாடி வாங்கச் செல்லும் மாணவர்களே, வில்லையின் அளவைக் கண் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். அதில் ரசனைக்கு இடமில்லை. விளிம்பின் வடிவத்தையோ நீங்களே தேர்ந்தெடுங்கள். வட்டமோ, பூனைக்கண்ணோ, எதுவாயினும் அது உங்கள் மனத்திற்கு இசைந்ததாக இருக்கட்டும். தானே தேர்ந்த பொருளை எவரும் பைக்குள் ஒளிப்பதில்லை.

என் மாணவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். நகைப்பு உடனே நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் கரும்பலகையில் நான் எழுதிய மூன்று, அவனுடைய ஏட்டிலும் மூன்றாகவே இருந்தது.