எழுத்து வேடத்தில் ஒரு படம்

காலை 6 மணிக்கு எங்கள் சர்வரில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தானாக ஓடும். முந்தைய நாள் விற்பனையை கிராஃபாகப் போட்டு மேலாளர்களுக்கு மெயில் அனுப்பிவிடும். கிராஃப் ஒரு பிஎன்ஜி படம். கணக்குக்குச் சுளுவாக 12,000 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது அப்படியே கிளம்பிவிட முடியாது. மெயில் போகும் பாதைக்கு 1982-இல் ஜான் போஸ்டல் விதி எழுதியபோது அதில் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்தது: ஏழு பிட், அதாவது 0 முதல் 127 வரை. பிஎன்ஜியின் முதல் பைட்டோ 137. அது தற்செயல் இல்லை. எட்டாவது பிட்டை வெட்டும் பாதையில் படம் போனால் முதல் அடியிலேயே குட்டு வெளிப்படட்டும் என்று, பிஎன்ஜியை வகுத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த எண்.

ஆகவே படம் எழுத்து வேடம் போடுகிறது. மூன்று பைட்டுக்கு 24 பிட். அதை ஆறாறாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 64 எழுத்துகளில் ஒன்றை வைத்தால் பேஸ்64. 12,000 பைட் 16,000 எழுத்தாகிறது. வரிக்கு 76 எழுத்து, மொத்தம் 211 வரி. மூன்றில் ஒரு பங்கு எடை கூடுதல்தான், வேறு வழியில்லை. எந்த பிஎன்ஜியானாலும் இந்த வேடத்தில் ஒரே மாதிரிதான் தொடங்கும்: சின்ன ஐ, பிறகு பெரிய வி, பி, ஓ, ஆர். மெயிலின் மூலத்தைத் திறந்து பார்க்கும்போது, தெருமுனையில் வருபவரை நடையை வைத்தே சொல்வதுபோல, இதை வைத்துப் படத்தை அடையாளம் கண்டுகொள்வேன்.

இந்த வேடத்தை மெயிலுக்கு முறைப்படுத்திய மைம் விதி, நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் எழுதியது. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய முதல் மைம் இணைப்பில், தான் பாடும் நால்வர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன.

அடுத்தது, உட்காரும் இடம். படத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு உண்டு, கன்டென்ட்-ஐடி. எச்டிஎம்எல்லில் படம் வர வேண்டிய இடத்தில் 'சிஐடி:' போட்டு அதே பெயரைச் சொல்ல வேண்டும். சீட்டில் பெயரைச் சுற்றிக் கூர் அடைப்புக்குறி இருக்க வேண்டும், எச்டிஎம்எல்லில் இருக்கக்கூடாது. நான் இரண்டிலும் போட்டேன். இரண்டு நாள் எல்லோருக்கும் காலிக் கட்டம்தான் தெரிந்தது. படமோ பத்திரமாக வந்து, கடிதத்துக்கு அடியில் தனி இணைப்பாக உட்கார்ந்திருந்தது. "என்னப்பா, நேத்து வியாபாரமே இல்லையா?" என்று ஒருவர் போனில் கேட்டார்.

வெளியிலுள்ள படத்துக்கு லிங்க் கொடுத்தால் போதாதா? மெயிலை எப்போது திறந்தோம் என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும் என்பதால், பல மெயில் செயலிகள் கேட்காமல் அதைக் காட்டாது. படத்தை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதிவிட்டால் ஜிமெயில் கழற்றி எறிந்துவிடும். மூட்டையில் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது.

அனுப்பும் நேரத்தில் மெயில் சர்வர் '354', அதாவது 'கடிதத்தைக் கொடு', என்றதும் கடிதம் வரிவரியாக இறங்கும். ஒரு வரியில் தனிப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. பேஸ்64-இன் எழுத்துகளில் புள்ளியே கிடையாது என்பதால், எங்கள் 211 வரிகள் பாதியில் முடிந்துபோகும் பயமில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்று பொருள்படும் '250' வந்ததும் எங்கள் பொறுப்பு தீர்ந்தது. பிறகு கைமாறும் ஒவ்வொரு சர்வரும், தபால் முத்திரைபோல, மேலே ஒரு வரி குத்தி அனுப்பும்.

மேலாளரின் போனில் வேடம் கலைகிறது. 16,000 எழுத்து மறுபடி 12,000 பைட். முதல் பைட் அதே 137. சற்று நேரத்தில் பதில் வரும்: "ஓகே". அதற்கு அடியில் அதே கிராஃப், இன்னொரு முறை 211 வரியாக.