விரல் தொட்ட நேரம் எது?

மதுரையை அடுத்த கப்பலூர் சுங்கச்சாவடி போன்ற இடங்களில் ஃபாஸ்டேக் ஒட்டிய வண்டி நுழைந்ததும் மேலே இருக்கும் கருவி அட்டையைப் படிக்கிறது. அந்தத் தகவல் வங்கிக்குப் போய்ச் சேர்வது அதற்குப் பிறகுதான். சில சமயம் பல நிமிடங்கள் கூட ஆகும். எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பது? 2025 பிப்ரவரி 17 முதல் அமலான விதி, கருவி படித்த நேரத்தையே அளவாக வைத்தது. அதற்கு 60 நிமிடத்துக்கு மேல் முன்பிருந்தே கறுப்புப் பட்டியலில் இருக்கும் அட்டை, படித்து 10 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் பணம் மறுக்கப்படும்.

சட்டைப்பையில் இருக்கும் தொடுதிரைக்கும் இதே தகராறு உண்டு!

விரல் பட்டதும் தொடுதிரைச் சில்லு ஒரு இன்டரப்ட் கொடுக்கும். டிரைவர் விழித்து, ஐ2சி கம்பி வழியாக விவரத்தைப் படிக்கும். 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் 60 பைட் படிக்கவே 1.35 மில்லிநொடி ஆகும். பிராசஸர் வேறு வேலையில் இருந்தால் இன்னும் தாமதம். லினக்ஸ் கர்னலோ, எல்லாம் முடிந்து செய்தியை மேலே அனுப்பும்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர், ஆள் வந்த நேரத்தை விட்டுவிட்டு நோட்டைத் திறந்த நேரத்தை எழுதுவது போல.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். விரல் 10 மில்லிநொடிக்கு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் வேகம் நொடிக்கு 500 மி.மீ. நடுவில் ஒரே ஒரு செய்தி 4 மில்லிநொடி தாமதமானால் முதல் கணக்கு 357, அடுத்தது 833 என்று வரும். விரல் ஒரே சீராகத்தான் போனது, ஆனால் திரையில் பக்கம் துள்ளும்.

முதல் திருத்தம் 2012ல், லினக்ஸ் 3.4ல் வந்தது. சுவர்க் கடிகாரத்தை யாராவது திருத்தினால் செய்திகளின் நேரமும் பின்னோக்கிப் போகும் என்பதால், பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். தாமதம் மட்டும் அப்படியே இருந்தது.

அதே ஆண்டு வந்த விண்டோஸ் 8 தொடுதிரைகள் 'ஸ்கேன் டைம்' என்று சில்லின் சொந்த நேரத்தையே அனுப்பின. 100 மைக்ரோநொடி ஒரு அலகு, 16 பிட் எண். ஆகவே சுமார் 6.5 நொடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு தொடுதல்களின் இடைவெளியை அளக்க இது பொன்னானது. ஆனால் மணி என்ன என்று கேட்டால் அதற்குத் தெரியாது. லினக்ஸின் மல்டிடச் டிரைவர் இதை வாங்கி மேலே தரத் தொடங்கியது 4.15 பதிப்பில்தான் (2018).

நேரடியான விடை 2019 நவம்பரில் 5.4 பதிப்புடன் வந்தது. இன்டரப்ட் வந்த அந்தக் கணமே டிரைவர் நேரத்தைக் குறித்து வைத்து, பிறகு ஆற அமர விவரத்தைப் படித்து, குறித்த நேரத்தை கர்னலிடம் ஒப்படைக்கலாம். சின்ன வசதிதான், இவ்வளவு காலம் ஏன் இல்லை என்பதுதான் ஆச்சரியம். இது கட்டாயமும் இல்லை. டிரைவர் நேரம் சொல்லாவிட்டால் கர்னல் பழையபடி தானே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும்.