கரிசல் நாட்டாரும் கொழும்புக் கப்பலும்



கோவில்பட்டியில் கடல் இல்லை. அருகில் வற்றாத ஆறும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கும் கரிசல் நாடு இது. இத்தகைய நாட்டிலிருந்து கப்பலைப் பற்றிப் பேச ஒருவன் முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், தென்னாட்டுக் கப்பல் வரலாற்றில் கரிசல் நாட்டுக்கு இருவகையில் பங்கு உண்டு. கப்பலில் பயணியாகச் சென்றவர்களுள் இந்நாட்டார் பலர் இருந்தனர். அக்கப்பலைத் தமிழருக்கே உரியதாக்க முனைந்தவர், இக்கரிசல் மண்ணிலுள்ள ஓட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆவார்.

சிதம்பரனாரின் வரலாற்றைப் பாடமாக நடத்தும்போது, வகுப்பில் கூர்மையான மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு: "ஐயா, அந்தக் கம்பெனி நான்கைந்து ஆண்டுகளில் முடிந்துபோயிற்றே, தோற்றுப்போன முயற்சியை நாம் ஏன் கொண்டாடுகிறோம்?" நல்ல கேள்வி. அதற்குரிய விடையைத் தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பயணிகளைப் பார்ப்போம். இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பித் தோட்டங்களும், காப்பிச் செடிகள் நோயால் அழிந்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் பரவின. அவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கோ, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் மக்களை ஊரை விட்டுத் துரத்தியது. மழை பொய்த்த ஆண்டில் கரிசல் காட்டில் களை எடுக்கவும் வேலை இராது. பருத்தி எடுக்கவும் வேலை இராது. அந்தச் சமயத்தில் கங்காணி ஊருக்குள் வருவார். முன்பணம் கொடுப்பார், வழிச்செலவைத் தாம் ஏற்பார். அந்தப் பணமெல்லாம் பின்னர்த் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும்.

1876-ஆம் ஆண்டிலேயே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அப்பாதை கோவில்பட்டி வழியாகவும் மணியாச்சி வழியாகவும் செல்வது. ஆகவே, சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ புகைவண்டி ஏறியவர்கள் அன்றே கடற்கரையை அடைய முடிந்தது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் தோட்டத் தொழிலாளரைத் தங்கவைத்து நோய் உண்டா எனச் சோதிக்கும் முகாம் ஒன்றும் இருந்தது. அக்காலத்தில் தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளும் சரக்கும் தோணிகளிலும் சிறு படகுகளிலும் சென்று கப்பல் ஏற வேண்டும். குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய், ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்றுவது எளிய செயலன்று. பின்னர் ஓரிரவு திறந்த மேல்தட்டில் கிடந்து, மறுநாள் கொழும்பில் இறங்குவர்.

இவ்வழியில் கப்பல் ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. வேறு கப்பல் இல்லாதபோது அவர்கள் வைத்ததே கட்டணம். அவர்கள் நடத்தியதே நடப்பு. தூத்துக்குடி வணிகரும் இதனால் துன்புற்றனர்.

இந்நிலையில்தான் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை எடுத்துக்கொண்டார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் தம் 'இந்தியா' இதழின் வாயிலாக ஆதரவு திரட்டினார். சமயமும் சாதியும் பாராமல், வணிகரும் நிலக்கிழாரும் வழக்கறிஞரும் ஒரே முயற்சியில் பணம் போட்டனர் என்பதைக் கவனியுங்கள்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றனர். எதிர்த்தரப்பின் நெருக்கடியால் அது கைவிட்டுப் போகவே, கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினர். சொந்தக் கப்பல் இல்லாமல் இத்தொழில் நிலைக்காது எனக் கண்ட சிதம்பரனார் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மடிவேன் எனச் சூளுரைத்துச் சென்றார் என்பர். 1907-ஆம் ஆண்டில் 'காலியா' என்னும் கப்பல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. 'லாவோ' என்னும் கப்பலும் வாங்கப்பட்டது. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். இந்தக் கணக்கைச் சற்றே நோக்குங்கள். அக்கப்பலை வாழவைக்க வேண்டியவர்கள் முதல் வகுப்புப் பயணிகள் 42 பேர் அல்லர். மேல்தட்டில் மூட்டையோடு அமரும் அந்த 1,300 பேரே.

ஆகவே, போட்டியும் அவர்களைக் குறித்தே எழுந்தது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாக இறங்கியது. அதன்மேல் வெள்ளையர் கம்பெனி, கட்டணமே வேண்டா, குடையும் தருகிறோம் என்று ஆள் சேர்த்தது என வரலாற்றாசிரியர் எழுதுவர்.

இத்தகைய கட்டணப் போர் நம் கடலில் மட்டும் நிகழ்ந்ததன்று. அதே காலத்தில், 1904-ஆம் ஆண்டில், அட்லாண்டிக் மாகடலில் ஆங்கிலேயரின் கூனார்ட் கம்பெனியும் ஜெர்மானியக் கம்பெனிகளும் மோதிக்கொண்டன. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழைகளின் கட்டணம் ஏறத்தாழ 2 பவுன் அளவுக்குச் சரிந்தது. ஆனால், அங்கே மோதிய இருதரப்பாரும் பெருஞ்செல்வர். இருவருக்கும் அவரவர் நாட்டு அரசின் ஆதரவு உண்டு. சில காலம் நட்டப்பட்டுப் பின்னர் உடன்பாடு செய்துகொள்ள அவர்களால் இயன்றது. தூத்துக்குடியிலோ ஒருபுறம் உலகெங்கும் கப்பல் ஓட்டும் கம்பெனி. மறுபுறம் 25 ரூபாய்ப் பங்குகளால் கட்டிய கம்பெனி. அரசாங்கமோ போட்டியாளரின் பக்கம் நின்றது.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. இலவசக் கப்பலில் ஏறிய ஏழைத் தொழிலாளியை நாம் குறை கூறலாமா? 8 அணா அவனுக்குச் சிறு தொகை அன்று. ஒரு குடும்பத்தின் சில நாள் கஞ்சி அது. மேலும், பல நேரங்களில் எந்தக் கப்பலில் ஏறுவது என்பதை முடிவு செய்தவர், வழிச்செலவைத் தாங்கிய கங்காணியே. ஆதலின், தேசபக்தி இல்லாமையால் சுதேசிக் கப்பல் வீழ்ந்தது என்று முடிவு கட்டுவது நீதியாகாது. வியப்புக்குரியது வேறொன்று: இத்தனை கவர்ச்சிக்கு நடுவிலும் சுதேசிக் கப்பலைத் தேடி ஏறியவர் பலர் இருந்தனர் என்பதே அது.

கட்டணப் போரால் மட்டுமே கம்பெனி சாய்ந்துவிடவில்லை. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர், தொழிலாளர் வென்றனர். மார்ச்சு 12-ஆம் நாள் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டபோதிலும், கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த கொடுமையை நீங்கள் அறிவீர்கள். கம்பெனி நிர்வாகத்தினருள் சிலர் அரசியலையும் வாணிகத்தையும் பிரித்துவைக்க விரும்பியவர்கள். வழிநடத்துவோர் இன்றிக் கம்பெனி தளர்ந்தது. காலியாக் கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட மணியாச்சி நிலையமும் இதே கொழும்புப் புகைவண்டிப் பாதையில் உள்ளதுதான். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் சிதம்பரனார் விடுதலையானபோது, அவர் நிறுவிய கம்பெனி இல்லை.

அதன்பின் கடல்வழியே மாறிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 22 மைல் தூரத்தைச் சிறு கப்பல்கள் கடக்கலாயின. 'இர்வின்', 'கோஷன்' என்னும் பெயர்களை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொழிலாளர் முகாமும் மண்டபத்தில் அமைந்தது. முதல் உலகப் போருக்கும் இரண்டாம் போருக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கரிசல் நாட்டார் கொழும்புக்குச் சென்ற வழி பெரும்பாலும் இதுவே. மலேயாவுக்குச் சென்றோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறினர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' அவ்வழியில் புகழ்பெற்றது.

இதே ஆண்டுகளில் உலகின் மறுபுறத்தில் நிகழ்ந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். முதற்போரில் தோற்ற ஜெர்மனி, 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் தன் பெருங்கப்பல்களை வெற்றி பெற்றோரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 'பிஸ்மார்க்' என்பது 'மெஜஸ்டிக்' எனப் பெயர் மாறி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது; 'பாட்டர்லாண்ட்' அமெரிக்கரின் 'லெவியாதன்' ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஜெர்மானியர் ஏறத்தாழ 50,000 டன் கொண்ட 'பிரெமன்' கப்பலைக் கட்டினர். 1929-ஆம் ஆண்டு ஜூலையில் அது தன் முதற்பயணத்திலேயே ஐந்து நாளுக்கும் குறைந்த காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, இருபது ஆண்டுகளாக 'மாரிடேனியா' வைத்திருந்த விரைவுப் புகழைக் கைப்பற்றியது. இழந்த மானத்தைக் கப்பலால் மீட்பதாக அந்நாட்டார் எண்ணினர்.

பிரெமன் சுமந்த பயணிகள் 2,000 பேருக்குச் சற்று மிகுதி. ரஜுலாவோ ஏறத்தாழ 8,500 டன் கொண்ட சிறிய கப்பல்; அது 5,000 பேருக்கு மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது! எந்தப் பயணிக்கு எவ்வளவு இடம் என்பதை இவ்விரு கணக்குகளும் சொல்லாமல் சொல்லுகின்றன.

மற்றோர் ஒப்புமையும் உண்டு. அமெரிக்கா 1921-லும் 1924-லும் சட்டம் இயற்றிக் குடியேறுவோரின் தொகையைச் சுருக்கியது. ஏழைக் குடியேறிகளை நம்பியிருந்த அட்லாண்டிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளுக்கென மலிவு வகுப்பு அமைத்துப் பிழைத்தன. இலங்கை அரசு இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியபோது, இந்திய அரசு 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. அட்லாண்டிக்காயினும் மன்னார்க் கடலாயினும், ஏழையின் பயணத்தை ஆட்சியாளரின் ஆணையே திறந்தது, ஆணையே மூடியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால், தோட்டங்களில் பல தலைமுறையாக உழைத்தவர்களுள் இலட்சக்கணக்கானோர் எதிர்த்திசைக் கப்பலில் தமிழகம் வந்திறங்கினர்.

இனி, மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். கணக்குப் புத்தகத்தின்படி சுதேசிக் கம்பெனி தோற்றதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கப்பல் தொழில் அரசியலோடு பிணைந்தது என்பதை அது நாட்டுக்குக் காட்டிற்று. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே நாம் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலியா ஓடிற்று. தனித்தொரு கம்பெனி கட்டணப் போரில் நிற்க முடியாது, தன் நாட்டு அரசு அதன் பின்னே நிற்க வேண்டும் என்னும் பாடத்தை விடுதலை பெற்ற இந்தியா கற்றுக்கொண்டது. அரசே கப்பல் கழகம் நடத்தலாயிற்று. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 2011-இல் அது சிதம்பரனார் பெயரைப் பெற்றது.

அவரோ 1920-களில் கோவில்பட்டியில் தங்கி வழக்கறிஞர் தொழில் நடத்தினார். கப்பல் வாங்கியவர் வீட்டுச் செலவுக்கு முட்டுப்பட்ட காலம் அது. அந்நிலையிலும் தமிழ் நூல்களை ஆராய்வதை அவர் கைவிடவில்லை. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! கரிசல் நாட்டில் உங்கள் வீட்டு முதியோரைக் கேளுங்கள். 'கொழும்புக்குப் போன தாத்தா' ஒருவரேனும் பல குடும்பங்களில் இருந்திருப்பார். அவர் எந்த ஆண்டு சென்றார், எந்த வழியாகச் சென்றார், யார் அழைத்துச் சென்றார், திரும்பினாரா என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சிதம்பரனாரின் பெயர் துறைமுக வாயிலில் இருக்கிறது. அவர் கப்பலில் ஏறிய மேல்தட்டுப் பயணிகளின் பெயர்களை எழுதி வைப்பது உங்கள் கடமை.