கால்ப்ரோடெக்டின் பிறந்த கதை

அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி அடங்கும், விட்டுப்போகாது. ரத்தப்போக்கு நின்று, நன்றாகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வரும் மனிதருக்கு ஒருநாள் மறுபடி கிளம்பும். திடீரென்று வந்துவிட்டது என்பார். உண்மையில், அவருக்கு வலி தெரியும் முன்பே குடல் சுவரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் திரளத் தொடங்கி, மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

அவற்றை அளக்க ஒரு வழி இருந்தது. நோயாளியின் வெள்ளை அணுக்களைப் பிரித்து, இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, அவர் உடம்பிலேயே திரும்பச் செலுத்துவார்கள். பிறகு நான்கு நாள் மலத்தையும் ஒன்றுவிடாமல் சேர்த்துத் தர வேண்டும். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் நலமாக இருப்பவரை இதற்காக எத்தனை தடவை கூப்பிடுவது?

1980இல் நார்வேயில் மாக்னே ஃபாகர்ஹோல் குழுவினர் வெள்ளை அணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நியூட்ரோஃபிலின் உள்திரவத்தில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு இதுதான். கிருமிகளுக்கு வேண்டிய துத்தநாகத்தைப் பறித்து அவற்றைப் பட்டினி போடுவது இதன் வேலை. எல்1 என்று அழைக்கப்பட்டு வந்த இதற்கு, கால்ப்ரோடெக்டின் என்ற பெயர் 1990இல் வந்தது.

1992இல் ஆர்னே ரோசெட்டும் ஃபாகர்ஹோலும் அதை மலத்தில் அளந்து காட்டினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிய விஷயம் இதுதான். கால்சியத்தைப் பற்றிக்கொண்டிருப்பதால் குடல் பாக்டீரியாக்களின் நொதிகளால் இந்தப் புரதத்தை எளிதில் சிதைக்க முடிவதில்லை. சாதாரண அறை வெப்பத்திலும் சில நாள் தாங்கும். கதிரியக்கமும் வேண்டாம், நான்கு நாள் சேகரிப்பும் வேண்டாம். சிறு டப்பாவில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். எடுத்துக் கொடுக்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள் பேதி மருந்து குடித்துப் படும் பாட்டை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கூச்சம் போய்விடும்.

நோய் திரும்புமா என்ற கேள்வியை லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் ஜெரமி டிபிளும் இங்வார் ப்யார்னசானும் கையிலெடுத்தார்கள். நோய் அடங்கியிருந்த 80 பேரிடம் மாதிரி வாங்கி, ஓராண்டு கவனித்தார்கள். அதில் 37 பேர் அல்சரேட்டிவ் கொலைடிஸ்காரர்கள், மற்றவர்களுக்கு இன்னொரு குடல் அழற்சியான க்ரோன்ஸ் நோய். அளவு கூடியிருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 13 மடங்கு என்று 2000இல் எழுதினார்கள். 2005இல் இத்தாலியில் இரண்டு நோய்களையும் தனித்தனியே பார்த்தபோது, க்ரோன்ஸில் 2 மடங்காக இருந்த வாய்ப்பு அல்சரேட்டிவ் கொலைடிஸில் 14 மடங்காக இருந்தது.

ஆனாலும் ஒற்றை எண்ணை நம்பி மருந்தைக் கூட்டக் கூடாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ, சாதாரண வயிற்றுத் தொற்றோகூட அதை ஏற்றிவிடும். அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களை பெல்ஜியத்தில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் கிராமுக்கு 300 மைக்ரோகிராமைத் தாண்டியதுதான் நம்பகமான எச்சரிக்கையாக இருந்தது. முதல் அறிக்கையில் எண் ஏறியிருந்தால், பல மருத்துவர்கள் உடனே மருந்தை மாற்றாமல், “அடுத்த மாதம் இன்னொரு தடவை கொடுங்க” என்கிறார்கள்.